ஈடு காணும் பணி

நுழையும்முன்

படிப்பை முடித்த இளைஞர் பலருக்கு முதல் வேலைவாய்ப்பைத் தரும் துறைகளுள் காப்பீட்டுத் துறையும் ஒன்று. அத்துறையின் முகவர்களைப் பலரும் அறிவர். இழப்பீட்டுப் பிரிவில் அமர்ந்திருப்போரை அறிந்தவர் குறைவு. குடும்பத்தில் ஓர் இழப்பு நேர்ந்து, கையில் ஆவணங்களோடு சென்று நிற்கும் நாளில்தான் அப்பிரிவு கண்ணில் படுகிறது. அங்குத் தொடக்கநிலைப் பணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நேர்காணலில் எவை கேட்கப்படுகின்றன, அவை ஏன் கேட்கப்படுகின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

சொல்லில் உறையும் பொருள்

'ஈடு' என்னும் சொல்லுக்கு ஒப்பு, சமம், அடகுப்பொருள் எனத் தமிழில் பல பொருள்கள் உண்டு. ஒருவருக்கு ஈடு இணை இல்லை என்று புகழும்போதும், நகையை ஈடு வைத்துப் பணம் பெற்றதாகச் சொல்லும்போதும் அச்சொல் இன்றும் வழங்குகிறது. இழப்பும் ஈடும் சேர்ந்தது இழப்பீடு. நேர்ந்த இழப்புக்குச் சமமாகக் கொடுப்பது என்பது அதன் பொருள். குறைத்துக் கொடுப்பதும் ஈடு ஆகாது. கூட்டிக் கொடுப்பதும் ஈடு ஆகாது. 5 இலட்சம் ரூபாய்க்குக் காப்பீடு செய்யப்பட்ட கடையில் தீப்பிடித்து 80,000 ரூபாய்ச் சரக்கு எரிந்துபோனால், கடைக்காரர் பெறத்தக்கது அந்த 80,000 ரூபாயை ஒட்டிய தொகையே அன்றி 5 இலட்சம் அன்று. தீயினால் ஒருவர் ஆதாயம் அடைந்துவிடக் கூடாது என்பது பொதுக் காப்பீட்டின் அடிப்படை. ஆயுள் காப்பீடு இதற்கு விலக்கு. ஓர் உயிரின் மதிப்பை அளந்து சொல்ல எவராலும் இயலாது. ஆதலால் முன்பே ஒப்புக்கொண்ட தொகை அங்கு அப்படியே வழங்கப்படுகிறது.

1666ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரை எரித்த பெருந்தீ, கட்டடங்களுக்கான தீக்காப்பீடு அங்கு வேரூன்றக் காரணமாயிற்று. இந்தியாவில் 1818இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட ஓரியண்டல் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் இத்துறையின் தொடக்கமாகக் குறிக்கப்படுகிறது. 1956இல் 245 நிறுவனங்கள் ஒன்றிணைக்கப்பட்டு இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம் உருவானது. பொதுக் காப்பீடு 1973இல் நாட்டுடைமை ஆயிற்று. அப்போது அமைந்த நான்கு அரசு நிறுவனங்களுள் ஒன்றான யுனைடெட் இந்தியாவுக்குச் சென்னையே தலைமையிடம். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி ஒழுங்குமுறை ஆணையம் அமைந்து, தனியார் நிறுவனங்களும் மீண்டும் களத்துக்கு வந்தன.

இழப்பீட்டு மேசை

பிரீமியம் பெற்றுக்கொள்ளும் நாளில் காப்பீட்டு நிறுவனம் கைமாற்றாகக் கொடுப்பது ஒரு தாள் மட்டுமே. அதில் எழுதப்பட்டிருப்பது ஒரு வாக்குறுதி. ஆண்டுக்கணக்கில் அந்தத் தாள் பெட்டிக்குள் உறங்குகிறது. விபத்தோ நோயோ இறப்போ வந்தபின்தான் அது வெளியே எடுக்கப்படுகிறது. ஆகவே, இழப்பீட்டுப் பிரிவுக்கு வருகின்ற எவரும் மகிழ்ச்சியோடு வருவதில்லை. வங்கியிலும் கடையிலும் பணிபுரிவோர் எல்லா மனநிலையிலும் உள்ள மனிதரைச் சந்திக்கின்றனர். இம்மேசைக்கு வருவோர் அனைவரும் எதையோ இழந்தவர்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி இது.

புதிதாகச் சேர்ந்தவர் இழப்பீடு கொடுப்பதா மறுப்பதா என்று முடிவு செய்வதில்லை. கோரிக்கையைப் பதிந்து எண் கொடுத்தல், விபத்து நடந்த நாளில் காப்பீடு நடைமுறையில் இருந்ததா என்று பார்த்தல், ஆவணங்களைச் சரிபார்த்தல், இல்லாதவற்றைக் கேட்டுப் பெறுதல், சேதத்தை மதிப்பிடும் சர்வேயரிடமும் மருத்துவமனையிடமும் தொடர்ந்து பேசுதல், தொகையைக் கணக்கிட்டு மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதுதல் ஆகியனவே அவருக்குரிய வேலைகள். சிறு வேலைகளாகத் தோன்றும் இவற்றுள் ஒன்றில் பிழை நேர்ந்தாலும் ஒரு குடும்பத்திற்கு வரவேண்டிய பணம் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். இறப்புச் சான்றிதழில் 'முருகேசன்' என்றும் பாலிசியில் 'முருகேஷ்' என்றும் இருக்கும் வேறுபாட்டை முதல் நாளிலேயே கண்டுபிடித்துச் சொல்வதற்கும், நாற்பதாம் நாளில் சொல்வதற்கும் இடையே உள்ள தொலைவு, கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு மட்டுமே முழுமையாகத் தெரியும்.

தேர்ந்தெடுக்கும் முறைகள்

பொதுத்துறைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் உதவியாளர் பணிக்கு முதனிலை, முதன்மை என இரு எழுத்துத் தேர்வுகள் நடைபெறுகின்றன. அவற்றோடு வட்டார மொழித் தேர்வும் உண்டு. தமிழ்நாட்டுப் பணியிடத்துக்கு விண்ணப்பிப்பவர் தமிழைப் பிழையின்றிப் படிக்கவும் எழுதவும் பேசவும் அறிந்திருத்தல் வேண்டும். நிருவாக அலுவலர் பணிக்கு எழுத்துத் தேர்வுக்குப் பின்னர் நேர்காணல் நடைபெறும். தனியார் நிறுவனங்களிலும், மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளை அந்நிறுவனங்களுக்காகக் கையாளும் டி.பி.ஏ. எனப்படும் மூன்றாம் தரப்பு அமைப்புகளிலும் நேர்காணலே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. முதலில் தொலைபேசியில் சில வினாக்கள், பிறகு மனிதவள அலுவலரோடு ஓர் உரையாடல், இறுதியாக இழப்பீட்டுப் பிரிவின் மேலாளரோடு ஒரு சந்திப்பு என்னும் வரிசையில் அது அமையும். மூன்றாவதாக வருவதே உண்மையான நேர்காணல்.

தன்னைப் பற்றிச் சொல்லுதல்

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதே பெரும்பாலும் முதல் வினா. பெயர், ஊர், பெற்றோரின் தொழில், படிப்பு, பொழுதுபோக்கு என்று மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பவர் பலர். அவை யாவும் தன்விவரக் குறிப்பில் இருக்கின்றன. மேலாளர் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார். "கடினமாக உழைப்பேன், குழுவாக இணைந்து பணியாற்றுவேன், விரைவில் கற்றுக்கொள்வேன்" என்னும் தொடர்களும் அவர் செவியில் நிற்பதில்லை. அதற்குக் காரணம் அவருடைய தொழில். நாள்தோறும் அவர் மேசைக்கு வரும் கோரிக்கைகளில், "பெருத்த சேதம் ஏற்பட்டது" என்று எழுதியிருந்தால் அவர் உடனே கேட்பது: எந்த நாளில், எந்த இடத்தில், எந்தப் பொருளுக்கு, எவ்வளவு, ஆவணம் எங்கே? அதே கண்ணால்தான் எதிரில் அமர்ந்திருக்கும் இளைஞரையும் பார்க்கிறார். தன்விவரக் குறிப்பும் ஒருவகையில் ஒரு கோரிக்கை மனுவே.

ஒரு மாணவி விடுமுறையில் தன் மாமாவின் மருந்துக்கடையில் இரண்டு மாதம் பணிபுரிந்ததாகக் கொள்வோம். "மருந்துக்கடையில் வேலை செய்த அனுபவம் உண்டு" என்று அவள் கூறினால் அது வெறும் செய்தி. "காலாவதி நாள் நெருங்கிய மருந்துகளைத் தனியே பிரித்து ஒரு நோட்டில் எழுதி வைத்தேன், மாதக் கடைசியில் மொத்த விற்பனையாளரிடம் அவற்றைத் திருப்பியபோது, அந்த நோட்டைக் காட்டித்தான் தொகையைக் கேட்டுப் பெற்றார்கள்" என்று கூறினால், பதிவேடு எதற்கு உதவும் என்பதை அவள் அறிந்திருக்கிறாள் என்பது மேலாளருக்கு விளங்கிவிடுகிறது. ஊர்க் கோயில் திருவிழாவில் வரவுசெலவு எழுதியவர், நூறு நாள் வேலைத்திட்ட அட்டையில் பெயர் பிழையாக இருந்த பாட்டிக்காக அலுவலகம் அலைந்து திருத்தி வந்தவர், தம்பியின் கல்விக் கடனுக்கு வங்கி கேட்ட தாள்களைத் திரட்டியவர் என எத்தனையோ இளைஞர் இப்பணிக்குரிய அனுபவத்தை ஏற்கெனவே பெற்றிருக்கின்றனர். அதை அனுபவம் என்று அவர்கள் கருதாததால், சொல்லாமலேயே எழுந்து வந்துவிடுகின்றனர். முதல் தலைமுறைப் பட்டதாரிகளிடம் இக்குறை மிகுதி. ஊதியம் பெற்ற வேலை மட்டுமே வேலை என்று எவரோ அவர்களை நம்பவைத்திருக்கிறார்கள்.

அடுத்து வருவது, "விற்பனைப் பிரிவு இருக்க, இழப்பீட்டுப் பிரிவுக்கு ஏன் வருகிறீர்கள்?" என்பது. "மக்களுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்" என்பது கேட்டுக் கேட்டுத் தேய்ந்த விடை. ஆவணங்களைப் படித்து உண்மையைக் கண்டறிவதில் நாட்டம் உண்டு என்பதோ, தன் வீட்டுக்கு ஒருமுறை இழப்பீடு வந்தபோது அதன் நடைமுறையைக் கவனித்ததோ விடையாக அமையலாம். விற்பனை இலக்கு தனக்கு ஒத்துவராது என்று நேர்மையாகச் சொல்வதிலும் தவறில்லை.

சினங்கொண்டவரின் குரல்

நேர்காணலின் நடுவே மேலாளர் தாமே ஒரு வாடிக்கையாளராக மாறிப் பேசத் தொடங்குவதுண்டு.

"என் அப்பாவை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று மருத்துவர் காலை ஒன்பது மணிக்கே சொல்லிவிட்டார். இப்போது மணி ஒன்று. இன்ஷூரன்ஸ் ஒப்புதல் வரவில்லை என்று மருத்துவமனையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் சர்க்கரை நோயாளி. நீங்கள் எல்லாம் எதற்கு இருக்கிறீர்கள்?"

இதற்கு ஒருவர், "கவலைப்படாதீர்கள் சார், இன்னும் பத்து நிமிடத்தில் வந்துவிடும்" என்று விடையளிக்கலாம். கேட்பதற்கு இனிமையான அவ்விடையில் உண்மை இல்லை. பத்து நிமிடத்தில் வருமா என்பது அவருக்குத் தெரியாது. வராதபோது அந்த மகனின் சினம் இருமடங்காகும். மற்றொருவர், "மருத்துவமனை பில் அனுப்பத் தாமதித்திருப்பார்கள் சார், அது எங்கள் தவறு அன்று" என்கிறார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் பசியோடு காத்திருக்கும் முதியவருக்கு அதனால் பயன் இல்லை.

மூன்றாமவர் இப்படிப் பேசுகிறார்: "சார், அப்பா சாப்பிட்டாரா? முதலில் அவருக்கு ஏதாவது கொடுத்துவிடுங்கள். பாலிசி எண்ணும் மருத்துவமனைப் பெயரும் சொல்லுங்கள். இறுதி பில் எங்களிடம் வந்துவிட்டதா என்று இப்போதே பார்க்கிறேன். வந்திருந்தால் அது யாரிடம் இருக்கிறது என்று சொல்கிறேன். வரவில்லையென்றால் மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் கவுண்டரை நானே அழைக்கிறேன். ஒன்று இருபதுக்கு உங்களைக் கூப்பிடுவேன். அதற்குள் முடிவு தெரியாவிட்டாலும் கூப்பிடுவேன்."

மூன்றாவது விடையில் மிகுதியான அறிவு எதுவும் இல்லை. மருத்துவக் காப்பீட்டின் நுட்பம் ஒன்றுகூட அதில் பேசப்படவில்லை. தன்னால் செய்ய இயன்றதை மட்டும் சொல்லி, அதற்கு ஒரு நேரமும் குறித்திருக்கிறார். 'முடிவு தெரியாவிட்டாலும் கூப்பிடுவேன்' என்னும் ஒரு தொடருக்காகவே மேலாளர் அவரைத் தேர்ந்தெடுக்கக்கூடும். காத்திருத்தலினும் கொடியது, யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை என்னும் எண்ணம்.

ஒழுங்குமுறை ஆணையம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, பணமில்லாச் சிகிச்சைக்கான முன்அனுமதி வேண்டுகோள் மீது ஒரு மணி நேரத்துக்குள் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும். வீடு திரும்புவதற்கான வேண்டுகோளை மருத்துவமனை அனுப்பியதிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தரப்பட வேண்டும். அதற்குமேல் தாமதித்து மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால், அதை நிறுவனமே ஏற்க வேண்டும். இவ்விதியைப் படித்துவிட்டு வந்த விண்ணப்பதாரர், மகனின் வினாவில் மறைந்துள்ள மற்றொரு வினாவையும் கேட்பார்: மருத்துவர் சொன்னது ஒன்பது மணிக்கு, வேண்டுகோள் நிறுவனத்தை வந்தடைந்தது எத்தனை மணிக்கு? மூன்று மணி நேரம் எங்கிருந்து தொடங்குகிறது என்பது அதைப் பொறுத்தது.

கணக்கும் விளக்கமும்

மோட்டார் காப்பீட்டுப் பிரிவாயின் ஒரு சிறு கணக்கு கொடுக்கப்படலாம். இரண்டரை ஆண்டுகள் ஓடிய, 1,500 சி.சி.க்கு மேற்படாத சொந்தக் கார் ஒன்று விபத்துக்கு உள்ளாகிறது. பிளாஸ்டிக் பம்பர் 6,000 ரூபாய், இரும்புக் கதவு 8,000 ரூபாய், முன் கண்ணாடி 5,000 ரூபாய், கூலி 4,000 ரூபாய் என ஒர்க்‌ஷாப் பட்டியல் தருகிறது. மொத்தம் 23,000 ரூபாய். வரியையும் வண்ணப்பூச்சையும் இங்கு விட்டுவிடலாம்.

வழக்கமான பாலிசியில் தேய்மானம் கழிக்கப்படும். பிளாஸ்டிக், இரப்பர் பொருள்களுக்குப் பாதி கழியும். எனவே பம்பருக்கு 3,000 ரூபாய். உலோகப் பகுதிகளுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு கூடும். இரண்டு முதல் மூன்று ஆண்டு வரையிலான வண்டிக்கு அது 15 விழுக்காடு. ஆகவே கதவுக்கு 6,800 ரூபாய். கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது. கூலிக்கும் கிடையாது. கூட்டினால் 18,800 ரூபாய். ஒவ்வொரு கோரிக்கையிலும் உரிமையாளர் தாமே ஏற்கவேண்டிய கட்டாயத் தொகை 1,000 ரூபாயைக் கழித்தால் 17,800 ரூபாய் வரும்.

கணக்கைச் சரியாகப் போடுபவர் பலர் இருக்கக்கூடும். தேர்வு அதன்பிறகுதான் தொடங்குகிறது. "23,000 ரூபாய் செலவழித்தவர் உங்கள் முன் நிற்கிறார். 5,200 ரூபாய் ஏன் குறைந்தது என்று அவருக்குச் சொல்லுங்கள்" என்கிறார் மேலாளர். 'டிப்ரிசியேஷன்', 'டிடக்டிபிள்' என்னும் சொற்களை அடுக்கினால் வந்தவர் தலையாட்டுவார். வெளியே சென்று ஏமாற்றிவிட்டார்கள் என்பார். "உங்கள் பம்பர் இரண்டரை ஆண்டு பழையது, இப்போது புதியது மாட்டியிருக்கிறார்கள். பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாலிசி ஏற்பதில்லை. பிளாஸ்டிக் சீக்கிரம் தேய்வதாகக் கொள்வதால் பாதி, இரும்பு மெல்லத் தேய்வதால் கொஞ்சம்" என்று தொடங்கினால் அவர் வினாக்கள் கேட்பார். வினாக்கள் கேட்பவர் பெரும்பாலும் நம்பத் தொடங்கியவர். ஈடு என்னும் சொல்லுக்குரிய பொருள் இந்த 5,200 ரூபாயில்தான் சோதனைக்கு உள்ளாகிறது.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைக் குறித்த வினா இன்றும் நேர்காணல்களுக்கு ஏற்றது. வெள்ளத்தால் வந்த சேதம் முழுமைப் பாலிசியில் அடங்கும். ஆனால், நீர் புகுந்த எஞ்சினை உரிமையாளர் சாவி கொடுத்து இயக்க முயன்று அதனால் எஞ்சின் உடைந்தால், அவ்வுடைவு வெள்ளத்தின் நேர்விளைவாகக் கொள்ளப்படாமல் மறுக்கப்படலாம். எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரீமியம் கட்டியவர்க்கு நிலை வேறு. இவ்விதி தெரியாமல் சாவியைத் திருகியவர்களிடம் என்ன சொல்வது என்பதற்கு எளிய விடை கிடையாது. விடையைவிட, அத்தருணத்தில் விண்ணப்பதாரரின் முகத்தில் தோன்றும் தயக்கத்தையே அனுபவமுள்ள மேலாளர் கவனிப்பார். தயங்காமல் "பாலிசியில் இல்லை, கொடுக்க முடியாது" என்பவர் ஆவணத்தைப் படித்தவர்தான். எதிரில் இருப்பவரைப் பார்க்காதவர்.

இருபுறமும் உண்மை

காப்பீட்டு ஒப்பந்தம் 'உயரிய நன்னம்பிக்கை' என்னும் கோட்பாட்டின்மேல் நிற்கிறது. பாலிசி எடுப்பவர் தம் நோய், தொழில், பழைய விபத்துகள் முதலியவற்றை மறைக்காமல் கூற வேண்டும் என்பதே இதன் பொருள் என்று பலர் கருதுகின்றனர். அது பாதி உண்மை. இக்கோட்பாட்டை 1766இல் இங்கிலாந்தில் நிலைநாட்டிய வழக்கு சுமத்ராத் தீவில் இருந்த மார்ல்பரோ கோட்டையைப் பற்றியது. பகைவர் கைப்பற்றினால் ஈடு பெறும்படி அதன் ஆளுநர் காப்பீடு செய்திருந்தார். பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர். கோட்டையின் வலிமைக் குறைவை ஆளுநர் மறைத்துவிட்டார் என்று காப்பீடு அளித்தவர் பணம் தர மறுத்தார். மேன்ஸ்ஃபீல்டு பிரபு ஆளுநருக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தார். நன்னம்பிக்கை இரு தரப்புக்கும் பொது; தாம் அறிந்திருந்ததை அறியாததுபோல் பின்னர்க் காட்டிக்கொள்ளக் காப்பீடு அளித்தவருக்கும் உரிமை இல்லை என்பது அத்தீர்ப்பின் போக்கு. இந்தியாவில் 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு இன்று இதற்கு ஓர் எல்லை வகுத்திருக்கிறது. மூன்று ஆண்டுகள் கடந்த ஆயுள் காப்பீட்டை எந்தக் காரணம் காட்டியும் நிறுவனம் கேள்விக்கு உட்படுத்த இயலாது.

நேர்காணலிலும் இருபுறமும் உண்மை வேண்டும். பட்டப்படிப்பில் இரண்டு தாள்களில் அரியர் வைத்துப் பின்னர்த் தேர்ச்சி பெற்றதையோ, தாயின் நோய் காரணமாக ஓராண்டு படிப்பை நிறுத்தியதையோ மறைத்துப் பேசும் விண்ணப்பதாரர், இப்பணிக்குச் சற்றும் பொருந்தாத ஒன்றைச் செய்கிறார். நாள்களுக்கு இடையேயுள்ள இடைவெளியைக் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர் முன் அமர்ந்திருப்பதை அவர் மறந்துவிடுகிறார். "அந்த ஓராண்டு அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டியிருந்தது, எந்தக் கவுண்டரில் என்ன கேட்பார்கள் என்பது அப்போது பழகிவிட்டது" என்று சொல்பவர் குறையை நிறையாக்க முயலவில்லை, நடந்ததைச் சொல்கிறார். அதுபோலவே இரவுப் பணி உண்டா, பயிற்சிக் காலம் எவ்வளவு, மாத ஊதியத்தில் கைக்கு வருவது எவ்வளவு என்பவற்றை மறைக்கும் நிறுவனமும் அக்கோட்பாட்டை மீறுகிறது. அவற்றைக் கேட்பது பேராசை ஆகாது.

இன்னும் கடினமான வினா ஒன்று உண்டு. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016 முதல் நடைமுறையில் உள்ளது. அறுத்து வயலில் உலரவிட்ட கதிர் பருவம் தவறிய மழையில் சேதமடைந்தால், 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தை மாதத்தில் அப்படி நனைந்த சம்பாக் கதிரைப் பற்றிச் சொல்ல, விண்ணப்பதாரரின் சித்தப்பா ஐந்தாம் நாள் வந்து, "இரண்டு நாள் முன்னால் போட்டு எழுதிக்கொள் தம்பி, உன் கையில்தானே இருக்கிறது" என்று கேட்டால் என்ன செய்வது?

"முடியாது என்று அனுப்பிவிடுவேன்" என்பது அச்சத்தில் பிறந்த விடை. "சித்தப்பா பாவம், எழுதிவிடுவேன்" என்பது வேலையைத் தொடங்குமுன்பே முடித்துவிடும் விடை. வந்த நாளையே வந்த நாளாகப் பதிந்து, தாமதத்துக்கான காரணத்தைக் கேட்டு, ஊருக்கு வரும் சாலை துண்டிக்கப்பட்டிருந்ததா, செல்பேசிக் கோபுரம் செயலிழந்திருந்ததா என்பவற்றைத் தனிக்குறிப்பாக எழுதி, உறவு முறையையும் வெளிப்படுத்தி, முடிவெடுக்கும் அதிகாரியிடம் அனுப்புபவர் இருவருக்கும் உரியதைச் செய்கிறார். தொகை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்காத ஆண்டில் பொங்கலுக்குச் சித்தப்பா வீட்டுக்குச் செல்வது எளிதாக இராது என்பதையும் மேலாளர் அறிவார். அதனால்தான் இவ்வினாவைக் கேட்கிறார்.

மறுப்பை எழுதும் தமிழ்

சில அலுவலகங்களில் நேர்காணலின் இறுதியில் ஒரு தாளைக் கொடுத்து, மறுப்புக் கடிதம் ஒன்றை எழுதச் சொல்வர். தமிழ் கற்றவருக்கு இது வாய்ப்பான இடம். ஆயினும் பலர் தடுமாறுவதும் இங்கேதான். அலுவலகத் தமிழ் என்று ஒன்று இருப்பதாகக் கருதிப் பின்வருமாறு எழுதுவர்:

"தங்களது மேற்கண்ட கோரிக்கையானது பாலிசியின் விதிமுறைகள் மற்றும் நிபந்தனைகளின்படி ஏற்புடையதன்று என்பது இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது."

இத்தொடரில் இலக்கணப் பிழை இல்லை. எந்த விதி, எந்த நிபந்தனை, யார் முடிவு செய்தார் என்னும் செய்திகளும் இல்லை. செயப்பாட்டு வினை, முடிவெடுத்தவரை மறைத்துவிடுகிறது. படிப்பவர் தாம் மறுக்கப்பட்டதை மட்டும் அறிகிறார். ஏன் என்று அறிய மீண்டும் பேருந்து ஏறி வரவேண்டும்.

அதே செய்தியை வேறொருவர் இவ்வாறு எழுதலாம்: "தங்கள் வண்டி இம்மாதம் 12ஆம் நாள் விபத்துக்கு உள்ளானது. அதற்குரிய காப்பீடு 9ஆம் நாள் நள்ளிரவோடு முடிந்துவிட்டது. தாங்கள் அதைப் புதுப்பித்தது 14ஆம் நாள். விபத்து நடந்த நாளில் காப்பீடு நடைமுறையில் இல்லாததால், பழுதுபார்த்த செலவை எங்களால் வழங்க இயலவில்லை. 14ஆம் நாளுக்கு முன்னரே பிரீமியம் செலுத்தியதற்கான இரசீது தங்களிடம் இருப்பின் அனுப்பிவையுங்கள், மீண்டும் பரிசீலிக்கிறோம். இம்முடிவில் தங்களுக்கு உடன்பாடு இல்லையெனில் எங்கள் குறைதீர் அலுவலருக்கு எழுதலாம்."

இரண்டாம் கடிதம் நீளமானது. அதன் எழுவாய்கள் தெளிவாக உள்ளன: வண்டி, காப்பீடு, தாங்கள், நாங்கள். மூன்று நாள்களையும் அருகருகே வைத்ததால் படிப்பவர் தாமே முடிவுக்கு வருகிறார். நிறுவனத்தின் பதிவேட்டிலேயே பிழை இருக்கக்கூடும் என்பதற்கும் அக்கடிதம் வழி வைத்திருக்கிறது. குறைதீர் அலுவலரின் விடையும் நிறைவளிக்கவில்லை என்றாலோ, ஒரு மாதத்துக்குள் விடையே வரவில்லை என்றாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். சென்னையில் அவ்வலுவலகம் உண்டு. 50 இலட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டை வழங்க ஆணையிடும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. மறுப்புக் கடிதத்தில் இவ்வழியையும் குறிப்பிடும் விண்ணப்பதாரர், தம் நிறுவனத்துக்கு எதிராக எழுதுவதாகச் சில மேலாளர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணும் மேலாளரின் கீழ்ப் பணிபுரிவதா என்று சிந்திப்பதற்கும் அது ஒரு வாய்ப்பு.

விண்ணப்பதாரரின் முறை

'நேர்காணல்' என்பது நேருக்கு நேர் காணுதல். ஒருவர் மட்டும் காண்பது அன்று. "நீங்கள் ஏதேனும் கேட்க விரும்புகிறீர்களா?" என்னும் வினாவுக்கு "இல்லை, நன்றி" என்று சொல்லி எழுந்துவிடுவது மரியாதை என்று பல மாணவர் நினைக்கின்றனர். பணிக்குப் பின் மேற்படிப்புக்கு நிறுவனம் உதவுமா என்று கேட்கலாம். மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் காப்பீட்டு நிறுவகம் லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெலோ என மூன்று நிலைகளில் தேர்வுகளை நடத்துகிறது. பணியில் இருந்துகொண்டே அவற்றை எழுதுவோர் பலர். உரிய கல்வித் தகுதியும் பயிற்சியும் பெற்று, ஆணையத்தின் உரிமம் வாங்கிச் சர்வேயராகத் தனித்து இயங்குவதும் ஒரு வழி.

ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு எத்தனை கோரிக்கைகள் ஒதுக்கப்படும் என்பதும் கேட்கத்தக்க வினாவே. எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு மேலாளர் நிறுத்திக்கொண்டால், அதே குரலில் அடுத்ததையும் கேட்கலாம்: அவற்றுள் எத்தனைக்கு வாடிக்கையாளரிடம் நேரில் பேச நேரம் இருக்கும்?

கற்பவை கற்றபின்

1. வீட்டில் உள்ள ஏதேனும் ஒரு காப்பீட்டு ஆவணத்தைப் பெற்றோர் துணையுடன் படித்து, அதில் எவை அடங்கா என்று கூறும் பகுதியை எளிய தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.

2. வகுப்பில் ஒருவர் மேலாளராகவும் ஒருவர் விண்ணப்பதாரராகவும் அமர்ந்து, சித்தப்பா பற்றிய வினாவை உரையாடலாக நடித்துக் காட்டுக. பின்னர் இருவரும் இடம் மாறிக்கொள்க.

3. வங்கி, மின்வாரியம், கல்லூரி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றிலிருந்து வந்த அறிவிப்பு ஒன்றை எடுத்து, அதில் உள்ள செயப்பாட்டு வினைத் தொடர்களைச் செய்வினையாக மாற்றுக. எழுவாய் கிடைக்காத தொடர்களைத் தனியே குறித்துவைக்க.